சனிமூலையில் நாலு கரணை

இரண்டு ஓரங்களிலும் ஓட்டை வரிசை போட்ட அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தாள் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அச்சு மங்கிவிட்டது; பெயர்களை வெயிலில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். பதினோரு வரிகளின் மேல் சிவப்பு மையில் இழுத்த கோடுகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் நான் எழுத்தராக இருந்தபோது அச்சான தாள் அது. அந்தக் கோடுகளுக்குக் காரணமானவரை நாங்கள் எல்லோரும் 'கம்ப்யூட்டர் மேடம்' என்றே அழைத்தோம்.

ஆலைக்குக் கம்ப்யூட்டர் மிசின் வந்த மாதமே அதைக் கவனித்துக்கொள்ள அவரும் கடலூரிலிருந்து வந்தார். கிட்டத்தட்ட என் வயதுதான். யாருடைய கரும்பை எப்போது வெட்டலாம் என்ற வெட்டு உத்தரவை அதுவரை ஆலையின் வயல் ஆட்களான பீல்டுமேன்கள் கரும்புக் கொல்லை கொல்லையாகச் சைக்கிளில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இனிமேல் நட்ட தேதியை உள்ளே கொடுத்தால் போதும், வரிசையை மிசினே அச்சடித்துவிடும் என்றார்கள். எங்களுக்கு அந்த மிசின் ஆச்சரியம். மேடத்துக்கோ எங்கள் கரும்புதான் ஆச்சரியம். அச்சாகி வரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தேதி எங்கேர்ந்து வந்துச்சுங்க? யார் சொன்னாங்க? யார் போய்ப் பார்த்தாங்க?" என்று ஒவ்வொரு மேசையாக வருவார். விடை கைக்கு வந்துவிட்ட பிறகும் கேள்வி கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. ஓர் அரவைப் பருவத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, வண்டி இல்லை, ஆலையும் நின்றுபோனது. பீல்டுமேன்கள் யாரும் கொல்லைப் பக்கம் போக முடியவில்லை. வழி திறந்ததும் ஊரிலுள்ள கரும்பெல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரத் துடித்தது. யார் முன்னால், யார் பின்னால் என்பதுதான் அப்போது டீக்கடை வரைக்கும் பேச்சு. மேலாளர் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "லிஸ்ட்ல யாரும் கை வைக்கக் கூடாது. வச்சா, எந்த ஆளுக்காக வச்சேன்னு கேப்பாங்க. மிசினுக்குச் சாதி கிடையாது."

மூன்றாம் நாள், சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். குத்தகை நிலத்தில் தனியாளாகக் கரும்பு வைத்தவர். பூ எடுத்த கரும்பு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "என்து பூத்துக்கினு நிக்குதுங்க. உள்ள தக்கையாப் போவுது. பக்கத்து கொல்லைக்காரருது இன்னும் எளசு. அவருக்கு இன்னாத்துக்கு முன்னாடி உத்தரவு?" என்றார். நான் தாளைக் காட்டி, "அவர் நட்ட தேதி முன்னாடிம்மா" என்றேன். அந்தக் குத்தகைக் கரும்பு போனால் அவருக்கு அந்த வருடம் வேறு ஒன்றும் இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த மேடம் விடவில்லை. முன்னால் நட்டது எப்படி இளசாக இருக்கும்? என் மொபட்டில் பின்னால் ஏறிக்கொண்டு பக்கத்துக் கொல்லையையே பார்க்க வந்துவிட்டார். கல்வராயன் மலையிலிருந்து வெட்ட வந்த ஆட்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒரு கரும்பை ஒடித்துக் கடித்துப் பார்த்துத் துப்பினார். "தண்ணிதாங்க. இன்னும் ஒரு மாசம் நிக்கணும். உத்தரவு வந்துச்சு, வெட்டறோம்."

திரும்பும் வழியில் மேடம் கேட்டார்: "நட்ட நாள்னா இங்க எந்த நாளுங்க?"

எங்கள் ஊரில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல நாள் பார்த்து, கொல்லையின் வடகிழக்கே சனிமூலையில் நாலு கரணை, அதாவது நாலு விதைத் துண்டு, ஊன்றிவிடுவோம். தண்ணீரும் ஆளும் கிடைத்து முழுக் கொல்லையையும் நட, பிறகு இருபது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். ஆலையில் சொல்வது அந்த நல்ல நாளைத்தான். பொய் என்று யாருக்கும் தோன்றாது. பீல்டுமேன்கள் புத்தகத்தில் ஒரு தேதியும் மனசில் ஒரு தேதியும் வைத்திருப்பார்கள். மிசினுக்குக் கிடைத்தது புத்தகத் தேதி மட்டும். அந்த அம்மாவோ ஒரே நாளில் நட்டு, நட்ட நாளையே சொல்லியிருந்தார்.

"இத ஏங்க இத்தன நாளா சொல்லல?" என்றார் மேடம். யாரும் கேட்கவில்லை என்றேன். சிறிது தூரம் போனதும், "உங்க வூட்ல எந்த நாளச் சொன்னீங்க?" என்றார். வண்டியை நிறுத்திவிட்டேன். எங்கள் கரும்புக்கு நாலாம் நாள் உத்தரவு. அந்த அம்மாவின் பெயருக்கு வெகு மேலே என் அப்பாவின் பெயர். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான், வேறென்ன.

நாங்கள் போய்ச் சொன்னதும் மேலாளர் மறுபடியும் சாதிப் பேச்சை எடுத்தார். "மிசினுக்குச் சாதி இல்ல சார். கண்ணும் இல்ல" என்றார் மேடம். பொறுப்பு தன்னுடையது என்று சொல்லிப் பீல்டுமேன்களை இரண்டு நாள் கொல்லைகளுக்கு அனுப்பினார். பதினோரு பெயர்கள் கீழே இறங்கின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி தாளை வாசல் பலகையில் ஒட்டச் சொன்னார். அதற்கு முன் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். முதல் கோட்டை என் அப்பாவின் பெயர் மேல் நானே இழுத்தேன். பலகையின் முன்னால் கூட்டம் இரைந்தது. மேடம் என்ன ஆளுங்க என்று ஒருவர் கேட்டார். கோடு விழுந்த முதல் பெயரைப் படித்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குமேல் சத்தம் ஏறவில்லை. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது உத்தரவு செல்பேசிக்கே வருகிறது. போன தையில் என் மகன் நாலு கரணை ஊன்றிவிட்டு வந்து, அந்த நாளையே செல்பேசியில் தட்டினான். "எல்லாரும் அதானே போடறாங்க" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். பிடுங்கி அழித்துவிட்டு, முழுக் கொல்லையும் நட்ட நாளைப் பிறகு போட்டேன். செல்பேசிக்கு அந்தப் பக்கத்தில், இந்தத் தேதி எங்கேர்ந்து வந்துச்சு என்று கேட்க யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. மேடம் இருந்தால் முதலில் அதைத்தான் விசாரித்திருப்பார்.

அந்த அம்மாவின் கரும்பு, பலகையில் தாள் ஒட்டி நாலு நாள் கழித்து, மாட்டுவண்டியில் வந்தது. எடைமேடையில் நான்தான் சீட்டு எழுதினேன். பாதிக்கு மேல் உள்ளே தக்கை. வண்டி நிறைந்திருந்தும் எடை நிற்கவில்லை. நன்றி சொல்வார் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அவர் கேட்டார்:

"மத்தவங்க எழுதிக்குடுத்தது நல்ல நாளுன்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமாங்க?"

"தெரியும்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.