மஞ்சள் கவுன் பிள்ளையின் கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். சுவரில் படம் வரைகிற வடகரை ஜெயசித்ராவுக்குப் போன ஜூலையில் நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

தென்காசியில் சாலையை அகலப்படுத்தியபோது பழைய சுவர் ஒன்று இடிபட்டது. அதிலிருந்த குற்றால அருவி ஓவியமும் மண்ணோடு போனது. முப்பது வருடம் ஊரே பார்த்த படம். அதே படத்தை, குற்றாலம் போகிற வழியில் ஒரு புதுச் சுவரில் வரையும் வேலை ஜெயசித்ராவுக்குக் கிடைத்தது. கைவசம் இருந்தது, பழைய ஓவியத்தின் திறப்பு விழாவில் எடுத்த ஒரே ஒரு போட்டோ. கட்டம் போட்டு, அச்சு அசலாக வரைந்தாள். எல்லாம் சரியாக வந்தது. கீழ் ஓரத்தில் நின்ற தாயையும் மஞ்சள் கவுன் போட்ட பிள்ளையையும் தவிர.

போட்டோவில் தாய் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். ஜெயசித்ராவும் அப்படியே வரைந்தாள். மறுநாள் பார்த்தால் பிள்ளையின் கை இல்லை. யாரோ ஈர விரலால் வழித்த மாதிரி... வெறும் சுவர்.

சாரலில் கரைந்திருக்கும் என்று தார்ப்பாய் கட்டி மறுபடி வரைந்தாள். மறுபடி போனது. மூன்றாம் தடவையும் போனபோது அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. காவலுக்கு இருந்த ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் முத்துச்செல்வத்திடம் பாய்ந்தாள்.

"யாரு வந்து அழிக்கான்னு பாக்கக்கூட மாட்டீங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல மேடம். நான் இங்கனதான் இருக்கேன்."

வெள்ளிக்கிழமை திறப்பு. புதன்கிழமை மத்தியானம் தார்ப்பாய்க்குள் தனியாக உட்கார்ந்து நான்காம் தடவை வரைந்தாள். காய்ந்ததும் மேலே வார்னிஷ் அடித்தாள். மணி 3.40. இந்தத் தடவை கண்ணை எடுப்பதில்லை என்று எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

3.52. தார்ப்பாய் மேல் விழுந்த சாரல் சத்தம் நின்றது.

சொத்... சொத்... காலடியில் தண்ணீர் சொட்டியது. சுவரில் ஈரமே இல்லை.

வார்னிஷுக்கு அடியில் பெயிண்ட் நகர்ந்தது.

நான்கு கோடுகள். குட்டி விரல்கள்...

உள்ளே இருந்து வழித்தன.

கை போய்விட்டது. வார்னிஷ் கலையாமல் பளபளத்தது.

எழுந்து ஓட நினைத்தாள். ஆனால் நாளை மறுநாள் திறப்பு. பிரஷ்ஷை எடுத்தாள். பிள்ளையின் கையைத் தாயிடமிருந்து பிரித்து, உடம்போடு ஒட்டித் தொங்குவதாக வரைந்தாள்.

அது அழியாமல் நின்றது.

வியாழக்கிழமை சாரம் பிரிக்கப் பரீது பாய் வந்தார். பழைய சுவருக்கும் சாரம் கட்டினவர் அவர்தான். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கையைப் பிரிச்சுட்டியாம்மா? அதான் சரி. அங்கனயும் நிக்கல. நாலஞ்சு தடவ வரைஞ்சு பாத்துட்டு விட்டுட்டாவ."

"யாரு பாய் இந்தப் பிள்ள?"

"பழைய படம் வரைஞ்சவரு மக. பக்கத்துல நிக்கது அவரு சம்சாரம். திறப்பு விழா முடிஞ்சு ஒம்பதாம் நாளு, அருவியில திடீர்னு வெள்ளம். பிள்ளைய அடிச்சுட்டுப் போயிட்டு. அதுக்குப் பொறவுதான் அந்தக் கை நிக்காமப் போச்சு."

 பரீது பாய் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அந்த அம்மா இன்னும் இருக்காவ. இன்னிக்கும் கேட்டா ஒண்ணுதான் சொல்லுதாவ. 'நான் கையை விடவே இல்ல'ன்னு."