வளைவில் காய்ந்த நெல்

காற்றாலை இறக்கைகள் போகவேண்டிய சாலைகளை முன்கூட்டியே அளந்து எழுதுவது என் வேலை. குஜராத்தில் அளந்திருக்கிறேன், கர்நாடகத்தில் அளந்திருக்கிறேன். எங்கே புதிதாகக் காற்றாலைகள் வந்தாலும் அதற்கு முன்பே என் டேப் அங்கே போயிருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

தஞ்சாவூர்ப் பக்கம், எங்கள் ஊர் வழியாகவே இறக்கைகள் தெற்கே போகப்போகின்றன என்றதும் அந்தப் பகுதியை நானே கேட்டு வாங்கினேன். ஊர் முனை வளைவைச் சித்திரையில் அளந்து, 'தடை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புரட்டாசியில் முதல் இறக்கை டிரெய்லரில் வந்தது. எழுபது மீட்டருக்கு மேல் நீளம். முன்னால் போன ஜீப்பிலிருந்து வளைவில் இறங்கிய நான் அப்படியே நின்றுவிட்டேன். சாலை முழுக்க நெல். குறுவை அறுவடை முடிந்திருந்தது. ஈரம் போனால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள், அதற்குத் தார்ச்சாலையைவிட நல்ல களம் எங்களுக்கு இல்லை. பத்து வயதில் இதே வளைவில் காலால் நெல்லைக் கிண்டிவிட்டவள், அளக்கும்போது அதை மறந்திருந்தேன்.

அதில் பாதி என் அம்மாவின் நெல். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள், குத்தகைக்குப் பிடித்து விளைவித்த முதல் குறுவை.

"எல்லாத்தையும் அள்ளச் சொல்லுங்க மேடம். பன்னெண்டு மணி வரைக்கும்தான் போலீஸ் விடுவாங்க" என்றார் டிரைவர்.

மேகம் கூடிக்கொண்டிருந்தது. அரைகுறையாகக் காய்ந்ததைக் குவித்தால் சூடேறிப் பழுப்பேறிவிடும். விட்டுவைத்தால் சக்கரம் நொறுக்கிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "ஏன்டி, படிச்ச புள்ள, அளக்கும்போது நெல்லு ஞாபகம் வரலயா?"

"சித்திரையில அளந்தேன் பெரியம்மா. ரோடு காலியா கெடந்துச்சு."

"சித்திரையில பாத்தா காவேரியுந்தான் காலியா கெடக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "அள்ளணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் டேப்பை எடுத்தேன். சக்கரங்கள் வளைவின் உள்பக்கமாகப் போகும். டிரெய்லருக்குப் பின்னால் நீண்டிருக்கும் இறக்கையின் வால் மட்டும் வெளிப்பக்கம் வீசித் திரும்பும், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. மூன்று முறை அளந்து, சுண்ணாம்புப் பொடியால் சாலையில் வளைவாகக் கோடு போட்டேன்.

"கோட்டுக்கு உள்ள இருக்கறத மட்டும் தள்ளுங்க. வெளிய இருக்கறது அப்படியே காயட்டும்மா."

"நிச்சயமாடி?"

"நிச்சயம்மா."

அம்மா நெல் தள்ளும் பலகையை எடுத்தாள். மற்றவர்களும் இறங்கினார்கள். டிரெய்லர் ஊர்ந்து வந்தது. நான் கையை உயர்த்திக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். சக்கரங்கள் கோட்டுக்கு நான்கு விரல் தள்ளியே போயின. வாலின் நிழல் அம்மாவின் நெல்மீது மெதுவாகத் திரும்பிப் போனது. ஒரு நெல்மணிகூட நசுங்கவில்லை.

தள்ளிய நெல்லை மறுபடி பரப்பிக்கொண்டே அம்மா கேட்டாள். "இன்னும் வருமா இந்த றெக்கை?"

"நெறைய வரும்மா."

"வரட்டும். தை மாசம்னா முன்னாடியே சொல்லிரு. அப்ப சம்பா காயும்."

மழை சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் நெல் காய்ந்து சாக்குக்குப் போய்விட்டது.

எங்கள் அளவைப் படிவத்தில் இப்போது நான் கேட்டுச் சேர்த்த ஒரு கட்டம் இருக்கிறது: எந்த மாதம், சாலையில் என்ன காய்கிறது? கர்நாடகத்தில் அதில் கேழ்வரகு என்று எழுதுகிறார்கள். எங்கள் வளைவுக்கு நேரே, அம்மா சொன்னபடி, புரட்டாசி, தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.