சாட்டின் தைக்கும் கை

அண்ணி வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் முதலில் ஊசியைத் தொட மாட்டார். ஊசி வைத்திருக்கும் தகர டப்பாவின் அடியில் ஒரு நைலான் காலுறைத் துண்டு இருக்கும். அதை எடுத்து இடது கைமேல் ஒருமுறை, வலது கைமேல் ஒருமுறை, விரல் நுனிவரை மெதுவாக இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் மடித்து உள்ளே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். எங்காவது மாட்டினால், முன்பெல்லாம் அந்த இடத்தை நகம் தேய்க்கும் அரத்தால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பதினெட்டு வருடங்களாக இதைப் பார்த்து வருகிறேன். என் இஸ்திரி மேசை அவர் மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியதும் இந்தத் தையல் கூடத்தில் சேர்த்துவிட்டவர் அவர்தான். நான் அதிகம் பேசாததால் என்னை "வாயில்லாப் பூச்சி" என்றார்கள். நாளாக நாளாக அது தேய்ந்து வெறும் "பூச்சி" ஆகிவிட்டது.

கூடத்தில் பதினோரு பேர். ஜன்னல் ஓர மேசை சாட்டின் மேசை. மிஷின் போட்டால் சுருங்கிவிடும் கழுத்து, கை, ஓரம் எல்லாவற்றையும் அங்கே அண்ணி கையால் முடிப்பார். சாட்டினுக்குச் சொரசொரப்பு ஆகாது. விரலில் ஒரு சின்னச் செதில் இருந்தாலும் அது ஒரு இழையைப் பிடித்து இழுத்துவிடும். துணியில் கீறல் போட்டதுபோல ஒரு கோடு விழும். பிறகு அதைச் சரி செய்ய முடியாது.

அண்ணிக்குச் சிறு வயதிலிருந்தே வறண்ட தோல். குளிர்காலம் வந்தால் விரல் முட்டியெல்லாம் வெளுத்து, சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். அண்ணன் பெயிண்ட் அடிக்கும் வேலை செய்பவர். சும்மா இருக்க மாட்டார்.

"நாளைக்கு ஒரு கதவு தேய்க்கணும், உப்புத்தாள் தீர்ந்துபோச்சு. கொஞ்சம் கையைக் குடும்மா."

"கதவுக்கு எதுக்குங்க? முதல்ல உங்க நாக்கைத் தேய்ச்சுவிடுறேன், வாங்க" என்பார் அண்ணி.

நான்கு வருடங்களுக்கு முந்தைய குளிர்காலத்தில் அந்தக் கேலி நின்றுபோனது. அந்த வருடம் குளிர் அதிகம். கூடத்து ஹீட்டர் காலையிலிருந்து ஓடும். அதன் சூடான காற்று நேராகச் சாட்டின் மேசைமேல்தான் அடிக்கும். முதலில் அண்ணியின் கைகள் சிவந்தன. பிறகு அரிப்பு. பிறகு கட்டைவிரல் ஓரத்திலும் விரல் மடிப்புகளிலும் வெடிப்பு. நைலான் துண்டு ஒவ்வொரு விரலிலும் மாட்டியது. அரத்தால் தேய்த்தால் ரத்தம் வந்தது. பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெண் ரோஜா வாசனை அடிக்கும் க்ரீம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பூசிய அன்று அண்ணி கையை உதறிக்கொண்டு கூடம் முழுக்க நடந்தார்.

"என்னக்கா, எரியுதா?"

"இல்லடி, வாசனை தாங்காம ஆடுறேன்."

அந்த வாரம்தான் வெள்ளை உடை ஒன்றின் முன்பக்கத்தில் மூன்று கோடுகள் விழுந்தன. கூடத்தை நடத்தும் மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"இப்போதைக்கு ஜீன்ஸ் பக்கம் உக்காருங்கம்மா. மூணு வாரம் கழிச்சு நடனப் பள்ளி ஆர்டர் வருது, நாப்பது உடுப்பு, எல்லாம் சாட்டின். அதுக்குள்ள கை சரியாச்சுன்னா உங்க எடம் உங்களுக்கு. இல்லன்னா நான் வேற ஆளப் போட்டுத்தான் ஆகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுக்க என்ன இருக்கு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அந்த மேசையில் அவர் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டரம்மா இருப்பார். அண்ணி தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ராத்திரி ஏதாவது பூசுறீங்களா?"

"ஆமா, தினமும்."

"கை எப்படிக் கழுவுவீங்க?"

"எல்லாரும் கழுவுற மாதிரிதான்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே எல்லோரும் செய்வதுபோலத்தான் தோன்றியது. ஆனால் நான் தினமும் காலையில் அவருக்குப் பின்னால் சமையலறையில் நிற்பவள்.

"பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு, நல்லா சுடுதண்ணில, மூணு தடவை" என்றேன். "துணியில எண்ணெய் படக் கூடாதுன்னு."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பூச்சிக்கு இன்னைக்கா வாய் முளைக்கணும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ராத்திரி பூசினதையும் சேர்த்து, தோலுல இயல்பா இருக்குற எண்ணெயையும் காலையில உரிச்சு எடுத்துடுறீங்க. அப்புறம் எங்கிருந்து ஆறும்?"

அண்ணிக்கு அந்தப் பயம் வந்த கதை கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கையில் பூசியிருந்த க்ரீம் வெள்ளைச் சாட்டினில் கட்டைவிரல் அடையாளமாகப் படிந்துவிட்டது. அப்போதிருந்த மாஸ்டர் அந்தத் துணியை வாசலில் ஆணி அடித்து ஒரு மாதம் தொங்கவிட்டாராம். அன்று பிடித்துக்கொண்டதுதான் பாத்திரச் சோப்பு.

டாக்டர் சொன்னது பெரிய வைத்தியம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வாசனை இல்லாத மிதமான சோப்பு. துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கெட்டியான, வாசனையில்லாத களிம்பைப் பூச வேண்டும். படுக்கும்போது அதன்மேல் பருத்திக் கையுறை. வெளியே குளிரில் போனாலும் கையுறை. சிவந்த இடங்களுக்கு மட்டும் ஒரு வாரத்துக்குத் தனி மருந்து. அரத்தைத் தொடவே கூடாது. வெடிப்பு மூடும்வரை பாத்திரம் கழுவக் கூடாது.

"இதெல்லாம் பூசினா சாட்டின்ல ஒட்டிக்கும்ங்க" என்றார் அண்ணி.

"ராத்திரி நல்லா தேய்ச்சு விடுங்க. காலையில மிதமான சோப்புல ஒரு தடவை அலசுங்க. ஒட்டுதா இல்லையான்னு அப்புறம் பாருங்க."

அண்ணி நம்பவில்லை. மறுநாள் காலையில் அவர் கை தானாகவே பாத்திரச் சோப்பு இருக்கும் மூலைக்குப் போனது. நான் அதை முன்பே எடுத்து அண்ணனின் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

"பூச்சி, சோப்பு எங்க?"

"பாத்திரம் இனிமே அண்ணன்தான கழுவணும். அதான் அண்ணன்கிட்ட இருக்கு."

அண்ணனுக்கு அப்போதுதான் செய்தி தெரிந்தது. "நானா? நான் கழுவினா தட்டுல டிஸ்டெம்பர் வாசனை வரும், பரவாயில்லையா?" என்றார். ஆனாலும் கழுவினார். முதல் வாரத்தில் இரண்டு குவளைகள் உடைந்தன.

பத்தாம் நாள் அரிப்பு நின்றது. சிவப்பும் குறைந்தது. வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடின. ஜீன்ஸ் மடித்துத் தைக்கும் இடத்திலிருந்து அண்ணி அடிக்கடி ஜன்னல் மேசையைப் பார்ப்பார். நான் பார்ப்பது தெரிந்தால் நூலைக் கடிப்பதுபோலக் குனிந்துகொள்வார்.

மூன்றாவது வாரக் கடைசியில் நடனப் பள்ளித் துணி வந்து இறங்கியது. வெளிர் நீலம். மாஸ்டர் நைலான் துண்டைக் கேட்டு வாங்கி, அவரே அண்ணியின் கைமேல் இழுத்தார். ஒன்பது விரல்களில் வழுக்கியது. வலது கட்டைவிரலில் மாட்டியது.

"கை பரவாயில்ல. ஆனா களிம்பு பூசுறீங்களாமே. நாப்பது உடுப்பு. அதான் யோசிக்கிறேன்" என்றார் மாஸ்டர்.

 அண்ணிக்கும் அதே சந்தேகம்தான். எண்ணெய்க் கறை உடனே தெரியாமல் இருந்தாலும், இஸ்திரிச் சூடு பட்டால் பரவிக் காட்டிக்கொடுத்துவிடும். இஸ்திரி என் வேலை. வெட்டியது போக மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து அண்ணி முன்னால் விரித்தேன்.

"அழுத்துங்க அண்ணி."

பத்து விரல்களையும் பதித்து அழுத்தினார். மாஸ்டர் நூறுவரை எண்ணச் சொன்னார். காஜா எடுக்கும் பெண் உரக்க எண்ணினாள். பிறகு அந்தத் துண்டின்மேல் மெல்லிய காகிதம் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தேன். மாஸ்டர் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். காகிதத்திலும் ஒன்றுமில்லை, துணியிலும் ஒன்றுமில்லை.

"கட்டைவிரலுக்கு என்ன பண்ணுவீங்க?"

அண்ணி அந்தச் சாட்டின் துண்டை அவர் கையிலிருந்து வாங்கினார். அங்கேயே நின்றபடி, கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன உறை தைத்து மாட்டிக்கொண்டார். அதன்மேல் நைலான் துண்டு வழுக்கிக்கொண்டு போனது. மாஸ்டர் ஹீட்டரின் வாயைத் திருகிச் சுவர் பக்கம் திருப்பிவிட்டார். அண்ணி ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தார்.

இப்போது அண்ணிக்கு நாற்பத்தெட்டு வயது. சாட்டின் மேசை அவரிடம்தான் இருக்கிறது. தோல் அதே வறண்ட தோல்தான். குளிர்காலத்தில் அந்தக் கட்டைவிரல் ஒருமுறையாவது வெடிக்கும், அப்போது உறையை மாட்டிக்கொள்வார். களிம்பு டப்பா படுக்கை அருகில் இருக்கிறது. அரம் இப்போது ஊசி டப்பாவில் இல்லை, வீட்டில் கிடக்கிறது. குளிர் விடும்வரை பாத்திரம் அண்ணன்தான் கழுவுகிறார், புலம்பிக்கொண்டே.