தேனீக்கள் ஏறிய ராணுவ லாரி

ஷெட்டில் எல்லோருக்கும் அவள் 'ஹலோ அக்கா'. பதினேழு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கேபிள் இணைத்தவள். எக்ஸ்சேஞ்சை இழுத்து மூடியதும் மெக்கானிக்கான கொழுந்தன் வந்து நின்றான். "வீட்ல உக்காந்து என்ன அண்ணி பண்ணப் போறீங்க? என் ஷெட்ல பாதி வண்டி வயர் சிக்கலாலதான் கிடக்குது" என்று கையோடு கூட்டிப் போய்விட்டான். செத்துக் கிடந்த கம்பியில் கரண்ட் வந்து டெஸ்ட் விளக்கு எரிந்தால், பழக்க தோஷத்தில் அவள் வாயில் "ஹலோ" என்று வந்துவிடும். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அந்தப் பழைய ராணுவ லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஏலத்தில் எடுத்தவர் ஒரு தேன்காரர். குரலே எழும்பாமல் பேசுகிற ஒல்லியான மனிதர். பூ இருக்கிற பக்கமெல்லாம் தேன்பெட்டிகளை ஏற்றிப் போக, சேற்றுக்கு அஞ்சாத வண்டி அவருக்கு வேண்டியிருந்தது.

"என்ஜினை நான் பாத்துக்கறேன்" என்றான் கொழுந்தன். "கரண்டு சமாசாரம்தான் பேய் பிடிச்ச மாதிரி இருக்கு அண்ணி. பிரேக்கை மிதிச்சா ஹாரன் அடிக்குது. ஹெட்லைட்டைப் போட்டா வைப்பர் ஆடுது."

"இருட்டுக்கும் மழைக்கும் ஒரே சுவிட்சா? சிக்கனமான வண்டிதான்" என்றபடி அவள் லாரிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தாள்.

பேயெல்லாம் கனெக்டர்களில்தான் குடியிருந்தது. ரப்பர் வெடித்து, பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்து, ஒரு கம்பியின் கரண்ட் பக்கத்துக் கம்பிக்குத் தாவிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். களிம்பை வினிகரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்தாள். ஒடிந்த பின்களுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ரேடியோவுக்கென்று வைத்த பெரிய கனெக்டர் ஒன்று ரேடியோ இல்லாமல் சும்மா தொங்கியது. அதைப் பிரித்துப் பின்களை எடுத்துக்கொண்டாள்.

கம்பிகளில் எண் பொறித்த குட்டித் தகடுகள் கட்டியிருந்தன. மத்தியானத்தில் அவற்றைப் படித்துக்கொண்டே அடியில் கண் அயர்ந்துவிடுவாள். அப்போது லாரி நகர்வது போலிருக்கும். முன்னாலும் பின்னாலும் நிழல் நிழலாய் வண்டிகள், புல்வெளி நடுவே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். எங்கே போகிறோம் என்று கேட்க அவளுக்குத் தோன்றுவதே இல்லை. கொழுந்தன் ஸ்பேனரால் இரும்பைத் தட்டினால்தான் விழிப்பாள்.

ஒரு கம்பி மட்டும் எதற்கென்று தெரியவில்லை. அதன் பின்னாலேயே ஊர்ந்து போனதில், விமானத்தின் கண்ணில் படாமல் போக அந்தக் காலத்தில் வைத்த மங்கல் விளக்கில் போய் முடிந்தது. அன்று வந்த தேன்காரரிடம் காட்டினாள்.

"இதை வெட்டி எடுத்துடவா?"

அவர் பெட்டி ஏற்றும் இடத்தை அண்ணாந்து பார்த்தார். "பெட்டியைப் பொழுது சாஞ்சப்புறம்தான்மா ஏத்துவோம். வெள்ளை வெளிச்சம் பட்டா தேனீ அதை நோக்கிப் பாயும். சிவப்பு அதுங்க கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு வெளிச்சம் மேலே கிடைக்குமா?"

அவள் முகம் மலர்ந்தது. மங்கல் விளக்கின் சுவிட்சை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கம்பியை, பின்னால் கோத்து இழுக்கும் டிரெய்லருக்கென்று இருந்த பன்னிரண்டு துளை சாக்கெட்டுக்குக் கொண்டுபோனாள். அதற்கேற்ற பிளக்கிலிருந்து மேலே நான்கு சிவப்பு பல்புகள்.

முதல் பயணத்துக்குத் தேன்காரர் அவளையும் அழைத்தார். கொழுந்தன் வண்டி ஓட்டினான். அந்தி மங்கியதும் நாற்பது பெட்டிகள் ஏறின. பெட்டிகளின் முனகல் பலகை வழியாக அவள் உள்ளங்காலுக்கு ஏறியது.

ஊரைத் தாண்டிய மண்சாலையில் ஒரு பள்ளம். லாரி குதித்தது. பின்னால் தேன்காரரோடு உட்கார்ந்திருந்த அவள் தலைக்கு மேல் நான்கு விளக்கும் ஒன்றாக அணைந்தன. "நிறுத்துப்பா!" என்று தகரத்தைத் தட்டினாள். பிளக் கழன்றிருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன் பூட்டு வளையம் தேய்ந்திருந்ததைப் பார்த்தும், 'பரவாயில்லை, தாங்கும்' என்று விட்டவள் அவள்தான்.

"ஒரு பெட்டி வாசல் திறந்துடுச்சு" என்றார் தேன்காரர். "டார்ச் அடிச்சிடாதீங்க. பெட்டியை நான் பாக்கறேன், நீங்க விளக்கைப் பாருங்க. மெதுவா."

அவள் கீழே இறங்கி, கையால் துழாவிப் பிளக்கைப் பிடித்தாள். பலகை வழியே இறங்கிய தேனீக்கள் மணிக்கட்டில் ஊர்ந்து, விரல் இடுக்கில் நுழைந்தன. கண்ணை மூடிக்கொண்டு, பிளக்கின் விளிம்பிலிருந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தேடினாள். சாக்கெட்டின் மேட்டோடு பொருத்தினாள். நேரம் என்று ஒன்று இல்லாதது போலிருந்தது. கையே தன்னுடையதில்லை, தேனீக்கள் நடக்கிற ஏதோ ஒரு கிளை என்று நினைத்துக்கொண்டாள். பிளக் உள்ளே போனது.

சிவப்பு மெல்லப் பரவியது. அந்த வெளிச்சத்தில் தேன்காரர் பெட்டியின் வாசலை அடைத்துக்கொண்டிருந்தார். அவள் தலைமுடியிலிருந்து ரிப்பனைக் கழற்றிப் பிளக்கைச் சாக்கெட்டோடு இறுக்கிக் கட்டினாள்.

"கொட்டிச்சா அண்ணி?" முன்னாலிருந்து கொழுந்தன் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு. தப்பு என்மேல, அது சொல்லிட்டுப் போயிருக்கு."

வயலுக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கிவிட்டு அங்கேயே படுத்தார்கள். காலையில் வாசல்களைத் திறந்ததும் தேனீக்கள் உடனே பூவுக்குப் பறக்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஊசலாடின.

"என்ன பண்ணுதுங்க?" என்றாள்.

"புது இடம் இல்ல? வீடு எங்க இருக்குன்னு மனசுல பதிச்சுக்குதுங்க."

வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே புதிதாக ஒரு பூட்டு வளையம் கடைந்து போட்டாள். பூக்காலம் மாறும்போதெல்லாம் இப்போது தேன்காரர் ஷெட்டுக்கு வந்து, நாள் குறித்துக்கொண்டு போகிறார்; அன்றைக்கு அவளும் லாரியில் ஏறிக்கொள்கிறாள். வளையம் நன்றாகத்தான் நிற்கிறது, அவள் கூட வரவேண்டிய அவசியமே இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். அவரும் சொல்வதில்லை, இவளும் கேட்பதில்லை.