மொங்குவுக்கு வெள்ளம் வந்த ஞாயிறு

எங்கள் மகள் இரண்டு ஆண்டு வேலைக்காகச் சாம்பியாவின் மேற்கு மாகாணத் தலைநகரான மொங்குவுக்குப் போக, என் கணவர் ஒரேயொரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஆபத்து என்று ஏதேனும் தலைகாட்டினால், மறுபேச்சின்றி அடுத்த விமானத்தில் ஏறிவிட வேண்டும். அங்குள்ள நெல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தில் அவளுக்குப் பணி. "ஓம் அப்பா" என்று உடனே தலையாட்டினாள். ஆபத்து எதுவென்று யார் தீர்மானிப்பது என்பதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர் அவர். ஆபிரிக்காவைப் பற்றிய அவருடைய அறிவு சிங்கத்தில் தொடங்கிச் சிங்கத்திலேயே முடிந்தது. ஆகவே நான் வாசித்து அறிந்ததையெல்லாம் இரவுச் சாப்பாட்டோடு பரிமாறினேன். மணல்மேடொன்றின் விளிம்பில் இருக்கிறது அந்த ஊர். மேட்டில் மாவும் மரமுந்திரிகையும். கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பசி ஆற்றின் சமவெளி. வருடத்தில் பாதி அது மாடு மேயும் புல்வெளி. மீதிப் பாதி மீன் பிடிக்கும் நீர்ப்பரப்பு. நெல்லும் அந்த நீரை நம்பியே விளைகிறது. கடலே இல்லாத நாட்டில் அவ்வூருக்குத் துறைமுகமும் உண்டு. படகுகள் வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போகும்.

"கடல் இல்லாமல் துறைமுகமோ? உமக்கு ஆரோ நல்லாக் கதை விட்டிருக்கினம்" என்பார், சோற்றைக் குழைத்தபடி. அதற்கு மேல் எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

முதல் வருடம் மழை பொய்த்தது. சமவெளி காய்ந்தே கிடக்க, மகளின் குரலும் வாடியிருந்தது. அடுத்த ஆண்டு ஒரு ஞாயிறு காலை, அவருடைய தொலைபேசிக்கு அவளுடைய குரல்பதிவு ஒன்று வந்தது. "அப்பா, வெள்ளம் வந்திட்டுது! கடைசியா வந்திட்டுது!" பின்னணியில் பெருங்கூச்சல். பிறகு எத்தனை முறை அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை.

"இஞ்சருமப்பா, சனம் குழறி அழுகுது, கேக்குதோ?" என்று என்னைக் கேட்டார்.

"சிரிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு."

"வெள்ளத்துக்க நிண்டு ஆர் சிரிப்பினம்? அதோட, கடைசியா எண்டு ஏன் சொன்னவள்?"

ஊர் மேட்டில் இருக்கிறது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் லண்டனின் மறுகோடியில், குட்மேய்ஸில் இருக்கும் அவருடைய தமையனுக்குச் செய்தி போய்விட்டது. மதியத்துக்குள் வீடு நிறைந்தது. இடியப்பமும் சொதியும் வந்தன. அண்ணன் மனைவி பிள்ளையாருக்கு அர்ச்சனை சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். பாதுகாப்பாக மேட்டில் நின்ற ஒருத்திக்காகப் பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஓய்வில்லை.

அவள் திரும்பிவர அண்ணன் கைபேசியில் விமானம் தேடினார். "நாளைக்குப் பின்னேரம் ஒண்டு இருக்கு. போடட்டோ, தம்பி?"

"போடுங்கோ அண்ணை. பேச்சு எண்டால் பேச்சு."

எனக்கு வெள்ளத்தைப் பற்றிய பயம் இருக்கவில்லை. அண்ணனின் பெருவிரலைத்தான் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறை அழுந்தினால் அவள் காத்திருந்த விளைச்சல் அவள் இல்லாமலே வரும். "அண்ணைக்குத் தேத்தண்ணி ஆறுது" என்று கோப்பையை நீட்டினேன். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கினார். அந்த இடைவெளியில் மகளின் முகம் என் கணவரின் திரையில் தோன்றியது.

"பிள்ளை, மேல ஏறி நில்!"

"மேலதான் அப்பா நிக்கிறன். டவுனே மேட்டிலதான் இருக்கு. வெள்ளம் கீழ. சனம் எல்லாம் பார்க்க வந்திருக்கு. இனி மீன் வரும், நெல்லும் தப்பீட்டுது!"

அண்ணன் மனைவி இடியப்பத் தட்டை மூடினார். என் கணவர் திரையை மூக்கருகே கொண்டுபோனார்.

"பின்னால கிடக்கிற மூட்டை என்ன?"

"இஞ்சத்தை அரிசி, அப்பா. மழை பொய்க்கிறதுக்கு முந்தின அறுவடையில மிஞ்சினது."

"பச்சையோ, புழுங்கலோ?"

"பச்சை. நல்ல வாசம்."

"மணியை ஒருக்கால் கிட்டக் காட்டு பாப்பம்."

அவள் உள்ளங்கையில் அள்ளிக் காட்டினாள். அவர் கடைக்காரக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். நீளம் நல்லது, குருணை கொஞ்சம் கூட, உமி சரியாகப் போகவில்லை என்று கண்டங்கள் தாண்டித் தீர்ப்புச் சொன்னார். அண்ணன் கைபேசியை மறுபடி எடுத்து, "அப்ப டிக்கற்?" என்றார்.

"பொறுங்கோ அண்ணை. வெள்ளத்துக்க பிள்ளையைத் தனிய வெளிக்கிடச் சொல்லுறதே? வடியட்டும். வடிஞ்சாப் பிறகு வரட்டும்."

வடிந்தால் அறுவடை, அதன் பிறகு அடுத்த வெள்ளம். அது ஒவ்வோர் ஆண்டும் வரவேண்டிய வெள்ளம் என்பதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை. இடியப்பத்தைச் சுடவைக்கப் போனேன்.