ஹன்சாட் ஓரத்துப் பென்சில் எழுத்து

பல்கலைக்கழகத்தில் பாராளுமன்ற ஆய்வு படிப்பிக்கிறேன். எங்கள் நூலகத்தில் இல்லாத ஹன்சாட் ஒன்று, பாராளுமன்றப் பேச்சுகள் அச்சான தொகுதி, யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையின் சனசமூக நிலையத்தில், ஊர் வாசிகசாலையில், என் கைக்கு வருகிறது. இறங்குதுறைக்கு விளக்குப் போடுவோம் என்ற பேச்சின் ஓரத்தில் பென்சிலால் "வரேல்லை". வீதி பற்றிய பேச்சுக்கு "அரைவாசி".

"ஆர் அண்ணை எழுதினது?"

"நாங்கள்தான். கடலுக்குப் போகாத நாளிலை ஒராள் வாசிக்க, சொன்னது வந்ததோ இல்லையோ எண்டு மற்றவை சொல்லுவினம்," என்கிறார் நிலையத்தின் திறப்பை, சாவியை, வைத்திருக்கும் மீனவர். "உந்தப் பேச்சுகளையும் ஒரு படிப்பெண்டு படிப்பிக்கினமோ?"

"ஓம் அண்ணை. இப்பத்தான் தொடங்கியிருக்கிறம்."

"அப்ப பிழையிருந்தால் திருத்திவிடுங்கோ, ரீச்சர்." பென்சிலை நீட்டுகிறார்.

நன்றியோடு வாங்குகிறேன். திருத்த ஒன்றுமில்லை. என் கொப்பியை விரித்து, முதல் பக்கத்து ஓரத்திலிருந்து பார்த்தெழுதத் தொடங்குகிறேன்.