எல்வின் டட்டில் தூக்கிய கை

எல்வின் டட்டில் இருபத்து நாலு வருடம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலச் சட்டசபையில் உட்கார்ந்து எழுந்தவர். அத்தனை காலத்தில் அவர் பெயரால் நிறைவேறியது ஒரே ஒரு சட்டம். மாடுகள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் வைக்கும் பலகை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது. மாடுகள் அதைப் படித்ததாகத் தகவல் இல்லை. ஆனால் ஓட்டு எண்ணுவதில் மனுஷன் புலி. முகத்தைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார், அல்லது அப்படி நம்பிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான ஹார்ட்டன்மில்லுக்குத் திரும்பிய பிறகும் ஊரார் அவரை 'மெம்பரே' என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

ஊர் விஷயங்களுக்கு எல்லாரும் கை தூக்கி ஓட்டுப் போடும் மார்ச் மாத ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூடியது. எல்லார் காலிலும் சேறு. ஓரத்து மேசையில் சாப்பாட்டுக்கு வந்த பீன்ஸ் சட்டிகள் ஆறிக்கொண்டிருந்தன. நூலகத்தைத் தொடர்ந்து நடத்துவதா, இழுத்து மூடுவதா என்று அன்று முடிவு செய்தாக வேண்டும். சம்பளமில்லாமல் அதைக் கட்டிக் காத்தவள் எல்வினின் மனைவி வெர்னா. முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்வின் பின்சுவரோரம் நின்று கூட்டத்தை அளந்தார். நூலகம் தோற்றுவிடும், அதுவும் படுதோல்வி என்று கணக்குப் போட்டார். அதற்கும் அவரிடம் ஒரு சட்டசபைத் தந்திரம் இருந்தது. ஜெயித்த பக்கம் கை தூக்கியவர்தான் அதே விஷயத்தை மறுபடி ஓட்டுக்கு விடச் சொல்லிக் கேட்கலாம். ஆகவே தோற்கப்போவது தெரிந்தால் எதிராளியோடு சேர்ந்துகொள். "மூடலாம்னு சொல்றவங்க?" என்று கூட்டத் தலைவர் டுவைட் காப் கேட்டதும் எல்வின் கம்பீரமாகக் கை தூக்கினார்.

டுவைட் இரண்டு முறை எண்ணினார். "மூடலாம்ங்கிறவங்க ஒரே ஒரு ஆள் கூடுதல். நூலகம் மூடியாச்சு."

அரங்கமே பின்னால் திரும்பிப் பார்த்தது. வெர்னாவும் திரும்பினாள். எல்வின் சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"மறுபடி ஓட்டெடுக்கணும்னு கேக்குறேன்," என்றார்.

"ஏன் மெம்பரே, கை வலிக்குதா?" என்றான் பனி வாரும் லாரி ஓட்டுகிற ரோஸ்கோ. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"வழிமொழிய யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார் டுவைட்.

கடைசியில் ரோஸ்கோவே, "சரி, நான் வழிமொழியறேன். அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியல," என்றான்.

"காரணம் சொல்லுங்க மெம்பரே. சுருக்கமா," என்றார் டுவைட்.

சுருக்கம் எல்வினுக்கு ஆகாத சமாசாரம். அன்றைக்கு மட்டும் மூன்றே வாக்கியத்தில் முடித்தார்.

"நான் சட்டசபைன்னு தலைநகரத்துல கிடந்த குளிர்காலம் எல்லாம் வெர்னாவுக்கு அந்த நூலகம்தான் துணை. நான் கணக்குப் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்."

அவ்வளவுதான். அவமானத்தில் காது சிவந்து நின்றார். இந்த முறை நூலகத்துக்காக அவர் கையோடு இன்னும் பல கைகள் எழுந்தன. எண்ணவே தேவைப்படவில்லை. நூலகம் பிழைத்தது.

சாப்பாட்டு வரிசையில் எல்வின் மெல்ல வெர்னா பக்கத்தில் போய் நின்றார். அவள் அவர் தட்டில் ஒரு கரண்டி பீன்ஸ் போட்டாள்.

"ஒண்ணு கேக்கணும் எல்வின்."

"கேளேன்."

"அங்கே சட்டசபையிலயும் இருபத்து நாலு வருஷம் இப்படித்தான் ஓட்டுப் போட்டியா?"

எல்வின் உப்பைத் தேடிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.